ஒற்றைக் கையால் படித்தவை

திங்கள், புதன், வெள்ளி.
ஒஸ்த்ராவாவின் முதல் டிராம்
விடியுமுன் என்னை டயாலிசிஸ் வாசலில் இறக்கிவிடும்.
முதலில் எடை.
என் எடையைச் செவிலி குறிப்பாள்.
புத்தகத்தின் எடையை நான் குறித்திருப்பேன்
முந்தின இரவே, சமையலறைத் தராசில்.

இடது கையில் இரண்டு ஊசி,
நான்கு மணி நேரம் அது எனக்குச் சொந்தமில்லை.
வாசகர் என்றால் வலது கை மட்டும்தான்.
முந்நூற்றைம்பது கிராமைத் தாண்டினால்
முதல் அத்தியாயத்திலேயே மணிக்கட்டு மன்னிப்புக் கேட்கும்.
அதனால் என் குறிப்பேட்டில்
எழுதியவர் பெயருக்கு முன்னால் கிராம் வரும்.

ஜனவரி, 210.
கடிகாரக் கடைக்காரர் மனைவியைத் தேடுகிறார்.
கிடைக்கிறாள். கிடைத்திருக்க வேண்டாம்.
பிப்ரவரி, 340.
பனியில் நின்றுபோன ரயில். நல்ல கதை,
ஆனால் எல்லோரும் தேநீர் குடித்துக்கொண்டே இருக்கிறார்கள்.

எனக்கு நாளொன்றுக்கு முக்கால் லிட்டர்.
சூப்பும் அதில் சேர்த்தி.
ஆகவே ஓரத்தில் சின்னதாகக் குவளை வரைவேன்.
ஒரு குவளை: தாங்கலாம்.
மூன்று குவளை: கோடையில் தொடாதே.
ஏப்ரலில் படித்த கடல் நாவலுக்குக் குவளையே இல்லை.
உப்புத் தண்ணீர் யாருக்கு வேண்டும்.

முப்பத்தோரு வருடம் டிராம் பணிமனையில்
நேரம் குறித்தவள் நான்.
எது எப்போது கிளம்பியது, எத்தனை நிமிடம் தாமதம்.
காரணம் என்றொரு கட்டம் இருக்கும் கடைசியில்.
பெரும்பாலும் ‘பனி’ என்று எழுதுவேன்,
சில சமயம் ஜூனிலும்.

அடுத்த நாற்காலி ஓல்ட்ரிஹுடையது.
சுரங்கத்தில் இருந்தவர்.
காது பாதி போனது, சிறுநீரகம் இரண்டும் முழுசாக.
“படிக்கிறாயா, எண்ணுகிறாயா?” என்றார் மே மாதத்தில்.
“இரண்டும்.”
“அப்படியானால் சத்தமாக எண்ணு.”

அன்றிலிருந்து உரக்கப் படித்தேன்.
இயந்திரம் கத்தினால் நிறுத்துவேன்.
குழாயைச் சரிசெய்துவிட்டு யார்மிலா
போகாமல் நின்று “அப்புறம்?” என்பாள்.
ஏட்டில் ஒரு பத்தி கூடியது. தலைப்பு: ஓ.

‘ஓ. தூங்கினார், பக்கம் 40 முதல் 62.’
‘ஓ. பாதிரியாரை நம்பவில்லை.’
‘ஓ. சிரித்தார். அழுத்தம் ஏறியது.
யார்மிலா இருவரையும் திட்டினாள்.’

செப்டம்பர் கடைசியில், 295:
இரண்டு சகோதரிகள், ஒரு பாலம்.
“பாலம் விழும்,” என்றார் ஓல்ட்ரிஹ்.
விழாது என்றேன்.
பந்தயம், உப்பில்லாத பிஸ்கட் இரண்டு.

அக்டோபர் பத்து, வெள்ளி. பக்கம் 214.
நேரம் முடிந்து, ஊசி கழற்றிய இடத்தைப்
பஞ்சால் அழுத்திக்கொண்டே கேட்டார்:
“புத்தகம் என்னிடம் இருக்கட்டும்.
சனி ஞாயிறில் நீ திருட்டுத்தனமாகப் படித்துவிடுவாய்.”

திங்களன்று அந்த நாற்காலியில்
யாரோ ஒரு பையன், காதில் இசை.
ஞாயிறு இரவு தொலைபேசி வந்ததாம்.
ப்ர்னோவில் ஒரு சிறுநீரகம், உடனே வா.
பல்செட்டை மறந்துவிட்டார்,
புத்தகத்தை மறக்கவில்லை என்றாள் யார்மிலா.

நூலகத்தில் இன்னொரு பிரதி இருந்தது.
அதன் முதுகை ஒரு விரலால் தொட்டேன்.
எடுக்கவில்லை.

டிசம்பர் முப்பத்தொன்று, புதன்கிழமை.
ரத்தத்துக்கு விடுமுறை தெரியாது.
நாற்காலியில் சாய்ந்தபடி கூட்டிப் பார்த்தேன்.
முப்பத்தெட்டுப் புத்தகம்.
பத்து கிலோ, நானூற்று எழுபது கிராம்.
இதே வருடத்தில் என் உடம்பிலிருந்து
இறக்கிய நீர் முந்நூற்று நாற்பது கிலோ.
அதை யாரும் படிக்கவில்லை.

பாலத்தை எங்கே சேர்ப்பது?
இருநூற்றுத் தொண்ணூற்றைந்து கிராம்
இன்னும் பென்சிலில் நிற்கிறது.
பழைய வழக்கம்.
கடைசியில் ஒரு கட்டம் வரைந்தேன்,
காரணம் என்று தலைப்பிட்டு.
‘பனி’ என்று எழுதினேன்.

வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது.